இடது பக்கத்துப் புள்ளிகள்

எங்கள் வீட்டில் கோலத்துக்குப் புள்ளி வைப்பது நான், இழை போடுவது அம்மா. எனக்குச் சிக்குக் கோலத்துக்கான பொறுமை கிடையாது. அம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடித்ததும், குனிந்து மளமளவென்று புள்ளிகளை வைத்துவிட்டுப் பல் துலக்கப் போய்விடுவேன்.

கல்லூரி முடித்து வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த அந்த வருடம், பாடத்தை விட்டுவிட்டு மூளையைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஒரு படம் நம்மை ஏன் நிறுத்துகிறது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் கண்ணுக்கு ஏன் நிம்மதி என்றெல்லாம். அம்மாவிடம் கேட்டால், "ஒரு பக்கம் கோணிக்கிட்டா எதுத்த வீட்டுக்காரி சிரிப்பா, அதான்" என்பாள்.

அன்று காலை வாயில் நுரையோடு வாசலுக்கு வந்தேன். அம்மா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். கோலத்தின் வலது பாதி மட்டும் இருந்தது. இழை எங்கும் அறுபடவில்லை. நடுவரிசை வரை வந்து அழகாக வளைந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்ந்திருந்தது. இடது பக்கம் என் புள்ளிகள் வெறுமனே கிடந்தன.

"இங்கிட்டு எப்பம்மா போடுவ?"

"எங்கிட்டு? அதான் முடிஞ்சுச்சே."

"இந்தப் புள்ளியெல்லாம்?"

"எந்தப் புள்ளிடி? நீ வச்சதுக்குத்தானே போட்டுருக்கேன்."

அவள் விளையாடவில்லை. முகத்தில் சின்ன எரிச்சல் மட்டும் இருந்தது. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு உலகத்தின் இடது பாதி இல்லாமல் போய்விடும் என்று படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் பூ வரைந்தால் ஒரு பக்கத்து இதழ்கள்தான் இருக்குமாம். படிக்கும்போது எவ்வளவு அதிசயமாக இருந்தது. இப்போது நுரையைத் துப்பிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா வந்து பார்த்தார். "கண்ணாடி மாத்தணும். ஞாயித்துக்கிழமை அன்னவாசல்ல கண் முகாம் இருக்கு, கூட்டிட்டுப் போவோம்."

"இது கண்ணு இல்லப்பா, மூளை. இப்பவே போகணும்."

"போன மாசம் எனக்கு வந்த தலைவலிக்கும் கட்டின்னுதானே சொன்ன? நீ படிக்கிற நோயெல்லாம் வீட்ல இருக்கவுகளுக்கு வந்துருது."

அது உண்மைதான். அதனாலேயே இப்போது என்னை நம்பமாட்டார்கள் என்று பயம் கூடியது. இதுவும் பொய்யாக இருக்கவேண்டும், இருந்தால் ஊரே சிரிக்கட்டும். அப்பாவிடம் பேசிப் பயனில்லை என்று பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். அம்மா உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது இடது தோள் நிலைக்கதவில் இடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்த அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் குறி வைக்கச் சொன்னார். அம்மா வலது ஓரத்தில் வைத்தாள். டாக்டரம்மா எங்களைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? தூங்கி எந்திரிக்கும்போதேவா, அப்பறமா? அதை வச்சுத்தான் ஊசி போடலாமா வேணாமான்னு சொல்ல முடியும்."

"ராத்திரி நல்லாத்தான் படுத்தா" என்றார் அப்பா. மூளையில் ரத்தம் அடைத்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஊசி அது; ராத்திரி என்றால் அந்த நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். காலையில் எதைப் பார்த்தேன்? புள்ளி வைக்கக் குனிந்தபோது தரை எப்படி இருந்தது?

"வாசல் தெளிச்சாங்க" என்றேன். "ரெண்டு பக்கமும். இடது பக்கம் சுவரோரம் வரைக்கும் ஈரம் இருந்துச்சு. அந்த ஈரத்துலதான் நான் புள்ளி வச்சேன். அப்ப மணி ஆறு. கோலம் போடையிலதான் மேடம் வந்துருக்கு."

"இதப்போயி டாக்டர்ட்ட..." என்று அப்பா என் கையை இழுத்தார்.

"அவங்க சொல்லட்டும்" என்ற டாக்டரம்மா, ஈரத்தைப் பற்றி மறுபடி கேட்டுக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லித்தான் போட்டார்கள். நான் நேரத்தைத் தவறாகச் சொல்லியிருந்தால்? ஈரம் நிஜமாகவே சுவர் வரை இருந்ததா? அன்று முழுக்க அந்த வாசலையே மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் அம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்திருந்தேன். பார்க்க வந்த சித்தி, "அவ பாக்குற பக்கமா வந்து உக்காரேன்" என்றாள். நான் நகரவில்லை. அம்மா சித்தியோடு பேசிக்கொண்டே இருந்தாள். நான் ஒருத்தி இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

சித்தி கிளம்பிப் போன பிறகு அம்மாவின் விரல்கள் லேசாக அசைந்தன.

"கைய விடுடி, வேர்க்குது" என்றாள், தலையைத் திருப்பாமலே.