பட்டிப்பொல ரயிலும் துண்டுச்சீலைப் போர்வையும்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அச்சிடுவதற்கென்று பெரியப்பா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்று, அக்கா பொறுமையின் வடிவம். இரண்டு, குடும்பத்துக்காகத் தம் கல்யாணத்தைத் தியாகம் செய்தவர். மூன்று, மாதர் சங்கத்தில் பூவேலை செய்து பொழுதைக் கழித்தவர்.

மூன்றும் உண்மையில்லை. நான் மருத்துவிச்சிப் பயிற்சி பெற்றவள். பிறந்த நேரம், எடை, தாயின் நிலை என்று கண்டதை மட்டும் வரிசையாக எழுதப் பழகியவள். அக்காவைப் பற்றியும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அக்கா மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஐந்தாவது அறையில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் அவருக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுதான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக் கொழுந்துக் கூடையை மாட்டினார். எனக்கு அப்போது நான்கு வயது. நான் படித்ததற்கு அக்காவின் உழைப்பு காரணம். அதை மறுக்கவில்லை. அதற்கும் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தோட்டத்தில் மாதர் சங்கத்தைத் தொடங்கியவர் வெள்ளைக்காரத் துரையின் மனைவி. சனிக்கிழமைகளில் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், பெண்கள் கூடினார்கள். தட்டு மூடும் துணியில் ரோஜாப்பூ தைக்க அந்த அம்மையார் கற்றுக் கொடுத்தார். அவர் ஊருக்குப் போன பிறகு சங்கம் அக்கா கைக்கு வந்தது. முதல் நாளே அக்கா கேட்டார்:

"ரோசாப்பூ நல்லாத்தான் இருக்கு. மூடி வைக்கிறதுக்கு நம்ம வீட்டுல தட்டு இருக்கா?"

அன்றிலிருந்து சங்கத்தில் செய்தவை இவை. உரச்சாக்கைக் கிழித்துப் பின்னிய கால்மிதி. பழைய கம்பளியை மடித்துத் தைத்த தலைப்பட்டி. துண்டுச்சீலைப் போர்வை.

கூடை நாள் முழுவதும் தலையில் மாட்டிய கயிற்றில்தான் தொங்கும். பிரசவத்துக்குப் படுத்திருக்கும் மூத்த பெண்களின் தலையைத் தடவினால், கயிறு அழுந்திய இடத்தில் முடி இராது. தலைப்பட்டி வந்த பிறகு கூடை மாட்டிய பெண்களுக்கு அந்த இடத்தில் முடி இருக்கிறது. என் கையால் தொட்டுப் பார்த்தது இது. இதைத்தான் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

போர்வைக்கு ஒவ்வொரு பெண்ணும் தான் உடுத்திய சேலையிலிருந்து ஒரு துண்டு கொடுக்க வேண்டும். தோட்டத்தில் யாருக்குப் பிள்ளை பிறக்கிறதோ, அந்த வீட்டுக்குப் போர்வை போகும். ஒரு மாதம் தாயும் பிள்ளையும் போர்த்துக்கொண்டு, துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

இனி கல்யாணத்தைப் பற்றி. அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. சங்கத்துப் பெண்களை ரயிலில், மலைமேல் உயரத்தில் உள்ள பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார். பதினெட்டுப் பேர். அவர்களில் பதினொரு பேர் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு பெரியப்பா வந்தார்.

"ஞாயித்துக்கெழம கினிகத்தேனையிலிருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பட்டிப்பொலையும் வேணாம், கிட்டிப்பொலையும் வேணாம்."

"அடுத்த ஞாயிறு வரச் சொல்லுங்க பெரியப்பா."

"அவங்களுக்கு அந்த ஒரு நாள்தான் தோது."

"எங்களுக்கும் அந்த ஒரு நாள்தான். அப்புறம் கொழுந்து கூடிரும். ஞாயித்துக்கெழமையும் மலை ஏறணும்."

"ஊர் சுத்துறவள எவன் கட்டுவான்?"

"சுத்தாதவளையெல்லாம் கட்டி எங்க வச்சிருக்கீங்க? இதே லயத்துலதானே?"

அம்மா அழுதார்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் ரயில் ஏறினோம். பதினெட்டில் நானும் ஒருத்தி. பட்டிப்பொலையில் இறங்கியதும், எங்கே போகிறீர்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்தில் கேட்டார். "மெத்தனட்டமய், மாத்தயா" என்றார் அக்கா. இங்கேதான் வந்தோம் ஐயா, என்று அர்த்தம். அவர் சிரித்துவிட்டு எங்களுக்குச் சுடுதண்ணீர் கொடுக்கச் சொன்னார். குளிரில் பல் கிடுகிடுக்க, பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றோம். எங்கள் பக்கத்து அறை ராக்காயி அக்கா நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணுக்கெட்டுன தூரத்துக்குத் தேயிலையே இல்லடி! சாமி குடியிருக்கிற ஊரு இதுதான்."

அவ்வளவுதான் நாங்கள் சுற்றிய ஊர். திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார்: "மாப்புள எப்படி இருந்திருப்பாரு?"

கல்யாணத்தைத் துறந்தவர் கேட்கிற கேள்வியா இது?

அன்று பெண் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்த மாப்பிள்ளையின் தாயார் எங்கள் அம்மாவைக் கண்டு நிறுத்தினார். "நாங்க ரெண்டு ஞாயிறு சொன்னோமே. இந்த ஞாயிறுதான்னு புடிவாதம் புடிச்சது உங்க வீட்டு மூத்தவருதானே?" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா போர்வைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "கல்யாணம் வேணுமா வேணாமான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, வேணும்னுதானே சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு வேறு வரன் வரவில்லை. ஊர் சுற்றுகிறவள் என்ற பேச்சு முந்திக்கொண்டு போய்விட்டது. அதைக் கொண்டு போன நீங்கள்தான் இந்த மலரையும் கையில் வைத்திருக்கிறீர்கள்.

பொறுமை என்பதும் இல்லை. அக்கா பெரியப்பாவோடு அதற்குப் பின் ஏழு ஆண்டு பேசவில்லை. அதற்குப் பெயர் கோபம்.

சென்ற ஆண்டு மழையில் நிமோனியாக் காய்ச்சல் வந்து நான்காவது நாள் அக்கா போய்விட்டார். வயது இருபத்தொன்பது. வைத்தியசாலையில் குறை வைக்கவில்லை. குறை வீட்டு வாசலில் நடந்தது. சங்கத்துப் பெண்கள் அந்தப் போர்வையைக் கொண்டுவந்து அக்கா மேல் போர்த்த வந்தார்கள். பெரியப்பா மறித்தார்.

"கோடித் துணிதான் போடணும். இது பழஞ்சீல. அதுலயும் புள்ளப்பெத்தவ தீட்டுத் துணி. எடுங்க அங்கிட்டு."

கோடி போடுவது முறை என்று எனக்கும் தெரியும். கோடிக்கு மேலே இதையும் போட்டிருக்கலாம். போர்வையை அங்கேயே வைத்துவிட்டுப் பெண்கள் திரும்பிப் போனார்கள். இழவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ அந்தப் போர்வையை வாசற்படியில் விரித்திருக்கிறார்கள். பிணம் எடுத்துத் திரும்பிய ஆண்கள் எல்லோரும் அதில்தான் கால் துடைத்தார்கள். நான் அதை எடுத்து மூன்று தண்ணீரில் அலசினேன். சேறு போய்விட்டது. அது இப்போது கீழ் லயத்தில், ஒன்பது நாள் ஆன பெண் குழந்தையின் மேல் இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: நான்கு நாளும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்த சங்கத்துப் பெண்கள். அக்காவை வைத்தியசாலைக்குக் கொண்டு போன லொறி ஓட்டுநர். தம் கையால் மண் தள்ளிய அப்பா. பட்டியல் இவ்வளவுதான்.

இந்த மலரை அப்பா உங்களுக்குக் கொடுக்கும்போது நாங்கள் பட்டிப்பொல ரயிலில் இருப்போம். அக்காவுக்கு விளக்கேற்றிவிட்டே புறப்பட்டோம். இந்த முறை இருபத்தாறு பேர். அப்பாவிடம் முன்னமே சொன்னேன். "போயிட்டு வாங்கம்மா. ஒல வைக்க எனக்குத் தெரியும்" என்றார்கள்.

படையலுக்கும் பந்திக்கும் அரிசி களைந்து, காய் நறுக்கி வைத்திருக்கிறோம். எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வந்திருக்கும் ஆண்கள் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கவும்.

வாசலில் அக்கா பின்னிய சாக்குக் கால்மிதி கிடக்கிறது. பெரியப்பா கால் துடைக்க அது போதும்.