லேபிளை நம்பாதவர்

விருதுநகர் கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் அவரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். சென்னையிலிருந்து சாட்சி சொல்ல வந்த அரசாங்க ரசாயனப் பரிசோதகர். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஊன்றிய கம்புபோல ஒல்லி. முதலில் வெறும் வெந்நீர் வாங்கிக் குடித்தார், பிறகுதான் டீ.

“தண்ணி ருசி தெரியாம டீ ருசியை எப்படிச் சொல்றது?” என்றார்.

மல்லாங்கிணற்று நர்ஸம்மா தூக்கமருந்தை அள்ளிக் கொடுத்து நோயாளியைக் கொன்றதாக வழக்கு. செத்தவர் வயிற்றிலிருந்த மருந்து, ஆய்வகத்தில் ‘தூக்கமருந்து’ என்று லேபிள் ஒட்டியிருந்த மாதிரிப் பாட்டிலோடு அப்படியே ஒத்துப்போனது. எல்லோருக்கும் பரம திருப்தி. இவர் மட்டும் அந்தப் பாட்டிலையே புற ஊதா ஒளிக் கருவியில் சோதித்தார். ஒவ்வொரு மருந்தும் அந்த ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் விழுங்குமாம். பாட்டிலில் இருந்தது தலைவலி மருந்து! அப்படியானால் செத்தவர் வயிற்றிலிருந்ததும் அதுதான். அரசாங்கப் பாட்டிலைச் சந்தேகித்ததற்கு மேலிடம் அவருக்கு மெமோ கொடுத்தது.

டீக்கடையில், வழக்குப் போட்ட சிவகாசி இன்ஸ்பெக்டர் குமுறினார். “முத்திரை போட்ட லேபிள் சார்! அதையுமா நம்ப மாட்டீக?”

“சிவகாசிக்காரர் கேக்குற கேள்வியா இது? நமுத்த வெடிக்கும் நல்ல வெடிக்கும் ஒரே லேபிள்தானே ஒட்டுறீங்க?”

அன்று வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. நர்ஸம்மா டீக்கடைக்கே ஓடிவந்து அவரைக் கும்பிட்டார். “நான் குத்தமில்லாதவள்னு சொல்லிட்டீகளே, ஐயா!”

“இல்லம்மா. பாட்டில் பொய்யின்னுதான் சொன்னேன். உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார் நர்ஸம்மா. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.