பிலாத்துக்கு ஆள் தேர்ந்தோம்

சண்டை முடிந்து வங்காலைக்குத் திரும்பிவந்த வருடம், கோயிலில் திருப்பாடுகளின் காட்சிக்கு ஆள் தேர்ந்தோம். இயேசுவுக்குத் தீர்ப்பிடும் பிலாத்து வேடம் கேட்டு வந்த மெலிந்த மனிதர், எந்தக் கதிரையிலும் நுனியில் மட்டுமே உட்காருவார்.

பிலாத்து ஆனதும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். முன்னால் நின்ற இயேசுவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“இது என்ர பிரிவில்லை. பெரிய கந்தோருக்குப் போங்கோ. அங்க ஆளில்லாட்டி அடுத்த கிழமை வாங்கோ.”

அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்த எங்கள் இயேசு, “ஓம் ஐயா” என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியதும், “எங்க பழகினனீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் மறுபடி நுனிக்கு வந்திருந்தார். “பழகேல்லை, தம்பி. என்ர வீட்டுக்கும் இதைத்தான் சொல்லுறாங்கள். நாளைக்கும் போகவேணும்.”

வேடத்தை அந்த இடத்திலேயே கொடுத்தோம். வீடு எங்கள் பிரிவில்லை.