கனகா குறைத்துச் சொன்னது

விஜயநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கனகா பதினான்கு வருடமாக ஆயா. விளக்கைக் குறைப்பாள், கர்ப்பிணியின் கையைப் பிடித்துக்கொள்வாள், முடிந்ததும் வயிற்றில் உள்ள ஜெல்லைத் துடைத்துவிடுவாள். கன்னடம் தெரியாத தமிழ்ப் பெண்கள் வந்தால் டாக்டர் பசவராஜ் சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவள்தான். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள ராமாபுரம்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனாலும் டாப்ளர் சத்தம் அவளுக்குப் பழக்கம். தொப்புள்கொடியில் ஓடும் ரத்தம் மெஷினில் ‘உஷ், உஷ்’ என்று கேட்கும். இரண்டு துடிப்புக்கு நடுவிலும் அது முழுதாக அடங்காது. அடங்கினால் டாக்டர் பேச்சை நிறுத்திவிடுவார்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை தமிழ்ப்ரியா வந்தாள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து ராமாபுரத்துக்கு வாழ வந்தவள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். மாமியார் மாதம்மா வெளியே வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு அறுந்தது. டாக்டர் மூன்று தடவை கருவியை வைத்துப் பார்த்தார்.

“இவத்தே அட்மிட் ஆகபேக்கு” என்றார் கனகாவிடம். இன்றே சேர வேண்டும், தள்ளிப்போட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடலாம், இதை அப்படியே சொல் என்று சீட்டை நீட்டினார். சீட்டு இங்கிலீஷில் இருந்தது.

“என்ன கண்ணு சொன்னாரு?” மாதம்மா எழுந்து வந்தாள்.

தமிழ்ப்ரியா பக்கத்திலேயே நின்றாள். வளையல் போடப்போகும் பெண்ணின் காதில் சாவுப் பேச்சு விழக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் கனகா.

“ரத்த ஓட்டம் கொஞ்சம் கம்மியாம். ஆஸ்பத்திரில சேந்து பாத்துக்கிட்டா நல்லதாம்.”

“இன்னைக்கேவா?”

“சீக்கிரமாச் சேந்துருங்க.”

“வெள்ளிக்கிழமை வளையல் போட்டுட்டு சனிக்கிழமை மொத பஸ்ஸுக்கு வந்தர்றோம். ஊரெல்லாம் சொல்லியாச்சே. நீயும் வா. டவுன் சோத்தத் தின்னு குச்சியாட்டம் ஆயிட்டே.”

தமிழ்ப்ரியா சிரித்தாள். கனகாவும் சிரித்தாள். நடுவில் இரண்டு நாள்தானே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை வந்தார்கள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அசைவு தெரியவில்லையாம். தமிழ்ப்ரியாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிடித்துக்கொள்ள வெறும் விரல்கள்தான் கனகாவுக்குக் கிடைத்தன. டாக்டர் எங்கே வைத்தும் மெஷினில் சத்தம் வரவில்லை.

“அவத்து ஹேளலில்வா?” என்று கனகாவைக் கேட்டார்.

“என்னக்கா கேக்கறாரு?” என்றாள் தமிழ்ப்ரியா.

அன்னைக்கே உன்கிட்ட நான் சொல்லலையா என்று தன்னைக் கேட்கிறார் என்றாள் கனகா. அன்று டாக்டர் என்ன சொன்னார், தான் சொல்லாமல் விட்டது எது, இப்போது உள்ளே என்ன ஆகியிருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. தமிழ்ப்ரியா மெல்ல விரல்களை விடுவித்துக்கொண்டாள்.

கனகா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். டாக்டர் சொல்வதைச் சொல் மாறாமல் சொல்கிறாள். ‘இந்தம்மா வாயில நல்ல வார்த்தையே வராதா’ என்று பெண்கள் முணுமுணுப்பது அவள் காதிலும் விழுகிறது. கேட்டவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருப்பாள்.

“இன்னைக்கே போகணும். எங்க, நீங்க ஒருக்காச் சொல்லுங்க.”