ஏலக்காய்க் கையும் கடல் மீனும்

மலையடிவாரமான எங்கள் போடியில், வீட்டுக்குள் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்ப்பவள் நான். அந்தத் தொட்டிக்கு முக்கியமானது ஸ்கிம்மர். தண்ணீருக்குள் குமிழிகளை ஊதி, அழுக்கை நுரையாக மேலே தள்ளிவிடும் கருவி.

பழசோடு ஒப்பிட்டுப் பார்க்கப் புதிதாகப் பெரிய ஸ்கிம்மர் ஒன்று வாங்கினேன். கடைக்கு விடுமுறையான ஞாயிறன்று பழசை ஓட்டினேன். நுரை கெட்டியாக வந்தது. மறுநாள் எங்கள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துவிட்டு வந்து, புதுசைத் தொட்டிக்குள் இறக்கினேன். நுரையே எழவில்லை. சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

என் வீட்டுக்காரர், "மெஷின வையாத. கடையில இருந்து வந்து கை கழுவுனியா? மோந்து பாரு" என்றார்.

கையில் ஏலக்காய் வாசம் அடித்தது; கையில் ஒட்டியிருந்த ஏலக்காய் எண்ணெய்தான் தண்ணீரில் கலந்து நுரையை அமுக்கியிருக்கிறது. காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, வெரசாகப் பாதித் தண்ணீரை மாற்றினோம். மீன்கள் பிழைத்தன. அடுத்து வந்த நாட்களில் புதுசு தள்ளிய நுரைக்குப் பழசு பக்கத்தில் நிற்க முடியவில்லை.

இப்போது நீளக் கையுறை மாட்டாமல் தொட்டியைத் தொடுவதில்லை. போடிமெட்டிலிருந்து ஜீப்பில் காய் கொண்டுவரும் வியாபாரிகள் எங்கள் வீட்டுக்கும் வந்து மீனைப் பார்க்காமல் போவதில்லை. எவ்வளவு பெரிய எஸ்டேட்காரர் வந்தாலும், "கையக் கட்டிக்கிட்டுப் பாருங்கண்ணே" என்றுதான் சொல்கிறேன்.