மக்கத்துச் சுர்மா

அந்த அத்தர் கடைக்காரரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஒரு மாசம் கறுவிக்கொண்டிருந்தேன். நான் அவ்வளவு நல்ல மனுஷி இல்லை. அப்படி வேஷம் போடவும் வராது.

என் மகளுக்கு மூணு வயசு. பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாளையங்கோட்டை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஈயம் ஏறியிருக்கிறது என்றார். கண்ணில் என்ன இடுதீங்க என்று கேட்டார். சுர்மா என்றேன். கல்லைப் பொடித்துக் கண்ணில் இடுகிற மை. மேலப்பாளையத்தில் பிள்ளை பெற்ற வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? மக்கத்துக் கல்லு, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அடித்துச் சொல்லி விற்றது அந்த மனுஷன்தான்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் கெமிஸ்ட்ரி டீச்சர். ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது கலீனா, பாறை வெடிப்பில் ஏறின சுடுதண்ணீர் ஆறும்போது படிவது, பேட்டரிக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் ஈயம் அதிலிருந்துதான் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறவள். வகுப்பில் அது கலீனா, வீட்டில் சுர்மா. ரெண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று இந்த மண்டையில் ஏறவே இல்லை. என் மேல் இருந்த ஆத்திரத்தையும் சேர்த்து அவர் தலையில்தான் போட்டேன்.

ஜும்மா தொழுகை முடிந்து கடையில் கூட்டம் நிற்கிற நேரம் பார்த்துப் போனேன்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லு அசல் சுர்மாதானா?"

"அல்லா மேல ஆணையா அசல், டீச்சர்."

கல்லை வாங்கினேன். கையளவு கல், அப்படிக் கனத்தது. கொண்டுபோன சுத்தியலால் ஒரே போடு.

"அசல் சுர்மான்னா ஆன்டிமனிக் கல்லு, ஊசி ஊசியா இருக்கும். இது பெட்டி பெட்டியா, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கிட்டு உடையுது பாருங்க. ஈயக்கல்லு. இதைத்தான் எம் பிள்ளை கண்ணுக்கு வித்தீரு."

ஒருத்தர் கையிலிருந்த குப்பியைத் திருப்பி வைத்தார். இன்னொருத்தர் காறித் துப்பினார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைக்காரர் உள்பக்கம் திரும்பினார். கடைக்குப் பின்னாலேயே வீடு. "ஏளா, பிள்ளையைத் தூக்கிட்டு வா" என்று மருமகளைக் கூப்பிட்டார். தவழுகிற வயசுப் பேத்தி, ரெண்டு கண்ணிலும் அப்பிய சுர்மாவோடு வந்தாள். கைலி முனையால் அதைத் துடைக்கப் போனார். துடைக்கத் துடைக்கக் கன்னமெல்லாம் கறுப்பானது.

"பொறந்து நாப்பதாம் நாள் குளிப்பாட்டுன அன்னையிலேர்ந்து நாந்தான் இடுதேன், டீச்சர். இவ பேசுவாளா?"

எனக்கு எப்படித் தெரியும். என் பிள்ளைக்கே இன்னும் பேச்சு வரவில்லை.