தண்ணிப் படம்தான் முதலாம்பிள்ளை

ஐந்து படங்களில் தண்ணிப் படம்தான் முதலாம்பிள்ளை. இது நான் சிறுமியாக இருக்கும்போதே, குருக்கள்மடத்தில் எங்கள் மாமி வீட்டு மண்டபத்தில், பெரியவர்கள் முன்னிலையில் தீர்ந்துபோன வழக்கு. போன மாதம் என் மகன் அந்த ஐந்து படங்களையும் எங்கேயோ தேடிப்பிடித்து, தன் போனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்காட்டினான். பார்த்து முடிந்ததும், "அம்மா, உலகத்தில எல்லாரும் ஒட்டகப் படத்தத்தான் முதலாவதெண்டு சொல்றாங்க" என்றான். சொல்லட்டும். உலகம் அன்றைக்கு மாமி வீட்டில் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

படங்களின் சரியான பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. எல்லாம் இங்கிலீசு. ஓர் உளவாளியின் கதை. வெயிலில் ஓடினாலும் பனியில் உருண்டாலும் அவன் ஒரே கறுப்புக் கோட்டைப் போட்டிருப்பான். அதனால் எங்கள் வீட்டில் அவனுக்குக் கோட்டுக்காரன் என்று பெயர். பனியில் சறுக்குவது பனிப் படம். வீடுகள் பற்றி எரிவது நெருப்புப் படம். மற்றவை ரயில் படம், ஒட்டகப் படம், தண்ணிப் படம். இதைவிட நல்ல பெயரை அந்தப் படங்களை எடுத்தவர்கள்கூட வைத்திருக்க முடியாது.

சவுதியில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு வந்த சித்தப்பா ஒரு டிவி, ஒரு வீடியோ டெக், இந்த ஐந்து கசெட் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். வேறு கசெட் வேண்டுமென்றால் பட்டினத்துக்குப் போகவேண்டும். அது, போகிற வழியில் எத்தனை சோதனைச் சாவடியில் இறக்குவார்கள், இறக்கியவர்களில் எத்தனை பேரைத் திரும்ப ஏற விடுவார்கள் என்று தெரியாத காலம். ஆகவே இருந்த ஐந்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இருட்டியபிறகு வெளிச்சமும் சத்தமும் வெளியே போகக்கூடாது என்பதால் பகல் சோற்றுக்குப் பிறகுதான் படம். ஜன்னல்களுக்கு நெல்லுச் சாக்கைக் கட்டிவிடுவோம். உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல வேகும். அதனால்தானோ என்னவோ, அம்மாவுக்கு எப்போதும் பனிப் படம்தான் முதலாவது. அதைப் பார்த்தால் உடம்பு குளிர்கிறது என்பாள்.

எங்களில் இங்கிலீசு தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். கோட்டுக்காரன் மூச்சுவிடாமல் கதைத்து முடித்தபிறகு, "போறாராம்" என்பார். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. கோட்டுக்காரன் ஏதாவது ஒரு பெண்ணுக்குக் கிட்டப் போனால் சித்தப்பா எழும்பி டிவிக்கு நேர் முன்னால் நின்று சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். அவர் கட்டி முடித்து உட்காரும்போது அந்தப் பெண் போயிருப்பாள்.

பார்ப்பதோடு நாங்கள் விடவில்லை. பள்ளிக்கூட ரிப்போட்டில் போடுவதுபோல ஐந்து படத்துக்கும் இடம் போட்டோம். முதலாம்பிள்ளை எது, கடைசிப் பிள்ளை எது என்று ஒவ்வொரு முறையும் சண்டை. பெரியப்பா ஒரேயொரு தரம் கொழும்புக்கு ரயிலில் போனவர். ஆகவே அவருக்கு ரயில் படத்துக்கு மேல் படம் இல்லை. சித்தப்பா, "மணல நான் பார்த்தது காணும்" என்று ஒட்டகப் படத்தை எப்போதும் கடைசியில் தள்ளுவார். அண்ணனுக்கு நெருப்பு. எனக்குத் தண்ணி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பி பிறந்தான், அவனைத் தூக்கிவைத்திருக்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. முதலாம்பிள்ளை என்ற சொல்லை எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. என் படத்துக்காவது அதை வாங்கிக்கொடுக்காமல் விடுவதில்லை என்று நின்றேன்.

ஆனால் தண்ணிப் படத்துக்கு ஒரு குறை இருந்தது. முடிவில் கோட்டுக்காரன் ஓட்டிப்போகும் படகு வெடித்து மூழ்கிவிடும். ஆள் எழும்பமாட்டான். கறுப்புக் கோட்டு மட்டும் தண்ணீரில் மிதந்துவரும். கரையில் ஒரு கிழவர் நின்று இங்கிலீசில் நாலு வார்த்தை சொல்வார். படம் முடிந்துவிடும். "செத்துப்போறவன்ட படத்துக்கு ஆரும் முதலாமிடம் குடுப்பாங்களா?" என்பான் அண்ணன்.

முதல் தரம் பார்த்ததற்குப் பிறகு மாமி அந்தப் படத்தைப் பார்ப்பதேயில்லை. அந்தக் கசெட்டைக் கையில் எடுத்தாலே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். அதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மாமாவுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல். அறுவடை நேரம் வயல் வட்டையைப் பார்த்துவருகிறேன் என்று தன் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதன் கொம்பில் அவருடைய சால்வை சுற்றியிருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் ஒருவர், முதலை என்றார் ஒருவர், சுட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மாமி யாருடைய கதையையும் ஏற்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, செத்தவர்களுக்குச் செய்யும் அந்திரட்டியைச் செய்ய விடவில்லை. தன் அக்காவான மாமியின் நினைவைக் கொஞ்சம் திருப்பலாம் என்றுதான் சித்தப்பா டிவியைக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் தலைக்குள் இருந்தது கோட்டுக்காரனின் கதைதான்.

அன்றைக்குப் பெரியப்பா பஞ்சாங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். வந்த அலுவலைத் தொடங்குவதற்கு முன்னால், "ரயில் படத்த ஒருக்கா ஓட விடு பாப்பம்" என்றார். முழுப் படமும் பார்த்தார். படம் முடிந்து, சாக்குகளை அவிழ்க்காமலே, பெரியவர்கள் ஒரு பக்கமாக இருந்து, பஞ்சாங்கத்தை விரித்துவைத்து, தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். மாமி சுவரோடு சாய்ந்து நகத்தால் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் எனக்கும் அண்ணனுக்கும் வழக்கு முற்றிவிட்டது. கோட்டுக்காரனுக்கு இரண்டு முகம். பனி, நெருப்பு, தண்ணி மூன்றிலும் நீள முகம். ரயிலிலும் ஒட்டகத்திலும் வட்ட முகம். அண்ணன் கசெட் பெட்டியில் பொடி எழுத்தில் இருந்த வருடங்களை வாசித்துக் கண்டுபிடித்திருந்தான். வட்ட முகம்தான் முதலில் நடித்தவனாம். நீள முகம் பிறகு வந்தவனாம். எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுத்தது தண்ணிப் படமாம். "அதோட கதை முடிஞ்சுது. ஆள் செத்துட்டான். கடைசிப் பிள்ளை!" என்று கசெட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினான். தோற்றவர் வென்றவரை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வாவிக்கரை வரை போகவேண்டும் என்பது பந்தயம். நான் முதுகைக் கொடுக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் உயர்ந்தது.

"தண்ணிக்குள்ள போனவன் போனவன்தான். திரும்பி வாற கதை இல்ல!"

எனக்கு உச்சி சூடாகிவிட்டது. பெரிய மனிதர், வெள்ளை வேட்டி கட்டியவர், ஒரு பக்கம் பார்த்துக் கதைக்கலாமா? அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்றே நினைத்தேன். பாய்ந்து நடுவில் போய் நின்றேன்.

"பிழை பெரியப்பா! அவர் சாகல்ல!"

"வாய மூடு புள்ள!" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு மச்சாள்" என்றார் மாமி. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். "அவள் சொல்லட்டும்."

சொன்னேன். எனக்குப் பொடி எழுத்துத் தெரியாது. ஆனால் கண் நல்ல கண். தண்ணிப் படத்தில், படகு வெடிப்பதற்குச் சற்று முன்னால், எதிரி கத்தியை வீசுவான். அது கோட்டுக்காரனின் இடது புருவத்தைக் கிழிக்கும். ரயில் படத்தில் வட்ட முகக்காரனுக்கு இடது புருவத்தில் தழும்பு. ஒட்டகப் படத்திலும் அதே தழும்பு. காயம் முதலில் வருமா, தழும்பு முதலில் வருமா? ஆகவே தண்ணிப் படம் நடுவில் வருவது. அவர் மூழ்கினார், யாரோ எடுத்திருக்கிறார்கள், எங்கேயோ கிடந்து காயம் ஆறி வந்திருக்கிறார். பட்ட பாட்டில் முகம் மாறிவிட்டது. வந்து ரயில் ஏறினார், ஒட்டகம் ஏறினார்.

"முகம் மாறினா ஆள் மாறினதா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மூடினார். என் வாதம் அவரை மடக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாமி பாயைக் கிள்ளுவதை நிறுத்தியிருந்தார். "அப்ப, அவர் வந்திருவார் எண்டுதான் சொல்றாய்?"

"ஓம் மாமி. முகம் கொஞ்சம் மாறியிருக்கும். அவ்வளவுதான்."

மாமி அதுவரை கோட்டுக்காரனை 'அவன்' என்றுதான் சொல்லிவந்தவர். அன்றைக்கு 'அவர்' என்றதும், என் கதையைக் கேட்டு அவருக்கும் கோட்டுக்காரனில் மரியாதை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

மாமி சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்குத்தானே அந்தப் பாஷை விளங்கும். கடைசியில கரையில நிண்டு அந்தக் கிழவர் என்ன சொல்றார்?"

சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அணைந்துகிடந்த டிவியைப் பார்த்தார். சாரத்தை அவிழ்த்து, உட்கார்ந்தபடியே, இறுக்கிக் கட்டினார்.

"தேடச் சொல்றார் அக்கா" என்றார். "ஆள் உயிரோட இருக்கார், விடாமத் தேடுங்க எண்டு."

"அப்ப இவள் சொல்றது சரியா?"

"இவள் சொல்றதுதான் சரி."

"பச்சைப் பொய்! வருசம் போட்டிருக்கு..." என்று தொடங்கிய அண்ணனின் தொடையில் அம்மா கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நீலமாகக் கிடந்தது. நியாயத்துக்கு அம்மாவும் என் பக்கம் வந்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன்.

மாமி எழும்பினார். "கேட்டீங்களா அண்ணன்? அந்திரட்டியும் வேணாம், ஒண்டும் வேணாம். இருங்க, இறால் கிடக்கு, ஆக்கித்தாறன், சாப்பிட்டுட்டுப் போங்க." பெரியப்பா பஞ்சாங்கத்தைத் திரும்ப மடியில் செருகினார். இரண்டு தரம் செருமினார். "சரி" என்றார்.

அண்ணன் என்னை உப்புமூட்டை தூக்கினான். வேலியோரம் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று, "முதலாம்பிள்ளை! தண்ணி முதலாம்பிள்ளை!" என்று கத்திக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். நடுவழியில் இறக்கிவிடப் பார்த்தான். காதைப் பிடித்துத் திருகி, தண்ணீரில் கால் நனையும் வரை கொண்டுபோக வைத்தேன். அந்த மாதிரி ஓர் ஊர்வலம் என் கல்யாணத்துக்குக்கூட நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மற்ற நான்கு படங்களுக்கும் வேலை இல்லை. மாமி தண்ணிப் படத்தைத்தான் போடச் சொல்வார். கடைசி வரைக்கும் இருந்து பார்ப்பார். கோட்டு மிதக்கும்போது கண்ணைத் திருப்பமாட்டார். "கோட்டத்தானே விட்டுட்டுப் போயிருக்கார்" என்பார், ஏதோ மறந்துபோன குடையைப் பற்றிச் சொல்வதுபோல. கிழவர் வாய் திறந்ததும் சித்தப்பா கேளாமலே சொல்வார், "தேடச் சொல்றார்." ஒவ்வொரு முறையும் சொன்னார்.

போன மாதம் மகன் போனில் போட்டபோது அந்தக் கிழவர் என்ன சொல்கிறார் என்று அவனிடம் கேட்டேன். "தேடினது போதும், இனி ஆள் இல்ல, வீட்டுக்கு அறிவியுங்க எண்டு சொல்றார் அம்மா" என்றான். திரும்பவும் போடச் சொன்னேன். அதையேதான் சொன்னான். பிறகு, வட்ட முகக்காரனுக்கு அந்தத் தழும்பு பிறவியிலேயே உள்ளது என்றும் எங்கேயோ வாசித்துச் சொன்னான். அண்ணன் வாசித்த வருடமும் சரிதானாம். நான் இடத்தை மாற்றவில்லை. தீர்ந்த வழக்கு தீர்ந்ததுதான்.

ஏனென்றால் மாமா வந்தார். அடுத்த அறுவடையும் போய், பிடித்து வைத்திருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கிய காலம். பெரிய ரோட்டில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்தார். தலை மொட்டை, முன்பல் இல்லை, உடம்பில் பாதி இல்லை. வாசலில் நின்ற பெரியப்பாவே, "ஆர் தம்பி நீங்க?" என்று கேட்டார். மாமி குசினிக்குள்ளிருந்து அகப்பையும் கையுமாக வந்து ஒரு பார்வைதான் பார்த்தார்.

"வந்திட்டீங்களா? காலக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றார்.

நான் மாமாவுக்கு முன்னால் போய் எக்கி நின்று அவருடைய இடது புருவத்தைப் பார்த்தேன். அங்கே தழும்பு இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் முகம் மாறித்தான் வந்திருந்தார், அதனால் வெற்றி வெற்றிதான். "நான் சொன்னேன்தானே! நான் அண்டைக்கே சொன்னேன்தானே!" என்று முற்றத்தைச் சுற்றிக் குதித்தேன். பெரியப்பா என் தலையில் கைவைத்து, "ஓம் புள்ள, நீதான் முதலாம்பிள்ளை" என்றார். எனக்கு அந்தச் சொல் கிடைத்தது அந்த ஒரு தரம்தான். ஒரு தரம் போதும்.

சித்தப்பாவுக்கும் சொல்லவேண்டும் என்று தேடிப்போனேன். அவர் கிணற்றுக்குப் பின்னால் குந்தியிருந்து, சாரத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பந்தயத்தில் தோற்றவர்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். இவர் தொடக்கத்திலிருந்தே என் பக்கம் நின்றவர். வென்ற பக்கத்து ஆள் இருந்து இப்படி அழுவது ஏன் என்று, பக்கத்தில் குந்தியிருந்து நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை.